பதினைந்தரை அடியில் இருந்த பல்

ஐயாக்கண்ணு, கிணறு வெட்டும் மேஸ்திரி சிங்கராயருக்குப் பதினெட்டாயிரத்து எழுநூறு ரூபாய் தர வேண்டும். பதின்மூன்று வருடமாகத் தர வேண்டும். அதற்குப் பத்திரம் கிடையாது, கைநாட்டு கிடையாது. கிளியூரில் சிங்கராயர் வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய ஒரு கயிறுதான் கணக்கு.

சிங்கராயர் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர். எஸ்டேட் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, ஒன்பது வயதில் சிந்திய காப்பிப் பழம் பொறுக்கி, பதினாலில் கல் சுமந்து, இருபத்திரண்டில் தானே ஆள் வைத்துக் கிணறு வெட்டத் தொடங்கியவர். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை. ஏற்காட்டு மலையில் நூற்று நாற்பத்து மூன்று கிணறு அவர் கையால் வெட்டியது. அதில் ஒன்றும் சரியவில்லை, ஓர் ஆளும் சாகவில்லை. படித்த எஞ்சினியர் வெட்டிய கிணறுகள் இரண்டு சரிந்தபோது, பஸ் ஏறிப் போய் நின்று பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தவர்.

எழுதத் தெரியாதவர் கணக்கு எப்படி வைப்பார் என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு கிணற்றுக்கு ஒரு கயிறு. அடிக்கு ஒரு முடிச்சு. மண் வெட்டிய அடியானால் முடிச்சில் வெள்ளைத் துணி கட்டுவார், பாறை உடைத்த அடியானால் கறுப்புத் துணி. மண்ணுக்கு ஒரு கூலி, பாறைக்கு மூன்று மடங்குக்கு மேல் கூலி. சனிக்கிழமை கிணற்றுக்காரர் வந்து முடிச்சை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பணம் தீர்ந்ததும் அந்தக் கயிற்றுக்கு வேலை முடிந்தது. ஆடு கட்டக் கொடுத்துவிடுவார். ஒரு காலத்தில் கிளியூரில் பாதி ஆடுகள் அவர் வெட்டிய கிணறுகளின் கணக்கில்தான் கட்டிக் கிடந்தன.

தீராமல் ஆணியில் மிஞ்சியது இந்த ஒன்று. இருபத்திரண்டு முடிச்சு. பதின்மூன்று வெள்ளை, ஒன்பது கறுப்பு. மண்ணுக்கு அடிக்குத் தொள்ளாயிரம், பாறைக்கு மூவாயிரம். மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து எழுநூறு. முன்பணம் இருபதாயிரம் போக மீதிதான் அந்தப் பதினெட்டாயிரத்துச் சொச்சம். பதினைந்தாம் முடிச்சுக்கும் பதினாறாம் முடிச்சுக்கும் நடுவில், எந்தக் கணக்கிலும் சேராமல், அவருடைய துண்டிலிருந்து கிழித்த சிவப்புத் துணி ஒன்றும் இருந்தது. அது பல் கிடைத்த இடம்.

கொட்டச்சேட்டுக்குக் கீழே ஐயாக்கண்ணுவின் காட்டில் வெட்டிய கிணறு அது. அன்றைக்குக் குழிக்குள் இருந்த சின்னன் என்ற ஆளின் கடப்பாரையில் இடித்தது ஒரு சாண் நீளக் கல். தூக்கினால் குழவி கனம். மேலே வரி வரியாக மேடு. ஆட்களெல்லாம் கடப்பாரையைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்கள். சிங்கராயர் வாங்கிப் பார்த்து, "பல்லுடா இது. பெருசா ஏதோ ஒண்ணோட பல்லு" என்றார். ஒருவரும் நம்பவில்லை. அந்த ஊரில் உழும்போது வழுவழுப்பாகக் கூராக ஏதாவது கல் கிடைத்தால் ஊர்க்கோடி மரத்தடியில் சாமியோடு வைத்துவிடுவது வழக்கம். அங்கே அப்படி முப்பது நாற்பது கல் கிடந்தன. பல்லும் அவற்றோடு போய்ச் சேர்ந்தது. அரை நாள் வேலை போனதுதான் மிச்சம். ஆட்களுக்கு அந்த அரை நாள் கூலியைச் சிங்கராயர் தன் மடியிலிருந்து கொடுத்தார். அதை மறக்கக் கூடாதென்றுதான் சிவப்புத் துணி.

இருபத்திரண்டு அடியிலும் தண்ணீர் ஊறவில்லை. "தண்ணி வரட்டுங்க மேஸ்திரி, மிச்சத்தைத் தாரேன்" என்றார் ஐயாக்கண்ணு.

"நான் பள்ளத்துக்குக் காசு கேக்கறேன். தண்ணிக்குக் காசு கேக்கறதுக்கு நான் என்ன மழையா?"

அதோடு பேச்சு நின்றது. நான்கைந்து வருடம் காப்பி அறுப்பு முடிந்ததும் போய்க் கேட்டார். பிறகு முழங்கால் போனது. பாறைத் தூசி நெஞ்சில் இறங்கி, பத்துப் படி ஏறினால் உட்கார வேண்டியதானது. கிணறு வெட்டக் கூப்பிடுவாரும் இல்லை. எல்லாரும் போர் போட்டார்கள். அதற்காக அவர் வருத்தப்படவில்லை. குழிக்குள் இறங்கி ஏறியது போதும் என்றுதான் இருந்தது. ஆனால் காலையில் கண் விழித்தால் எதிரே அந்தக் கயிறு.

"தலைக்கு மேல அதைத் தொங்க விட்டுக்கிட்டு நீங்களும் தூங்கறதில்லை, என்னையும் தூங்க விடறதில்லை" என்பாள் அவர் மனைவி அற்புதம். "எடுங்க, துணியாவது காயப் போடறேன்."

"பதினெட்டாயிரத்து எழுநூறு ரூபாய்க் கயித்துல உன் சேலை காயணுமா?"

"சேலையாவது காயும். காசு எங்க காயப் போவுது?"

மே மாதத்தில் ஒரு நாள், கோடைக் கூட்டத்தில் ஒண்டிக்கடைப் பக்கம் வண்டிகள் நகர முடியாமல் நின்ற நேரத்தில், ஐயாக்கண்ணுவின் மகன் பிரபாகர் பைக்கில் வந்து வாசலில் நின்றான்.

"ஏனுங்க மேஸ்திரி, அப்பா கூட்டியாரச் சொன்னாருங்க. அந்தக் கயித்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு."

சிங்கராயர் உடனே எழுந்திருக்கவில்லை. பதின்மூன்று வருடம் காத்தவர் ஐந்து நிமிடம் காக்க வைத்தால் தப்பில்லை. "காசு குடுக்கறதுக்கா?" என்றார்.

"அது தெரியாதுங்க. சேலத்துல இருந்து காலேஜ் மேடம் ஒருத்தங்க வந்திருக்கறாங்க. மரத்தடிக் கல்லை எல்லாம் போட்டோ எடுக்க வந்தாங்க. அந்த வரிக்கல்லைப் பாத்ததும் அப்படியே உக்காந்துட்டாங்க. அது பல்லுதானாமுங்க."

"கேட்டியா?" என்று அற்புதத்தைப் பார்த்தார் சிங்கராயர். "பதிமூணு வருஷத்துக்கு முந்தி ரெண்டாங்கிளாஸ் படிச்சவன் சொன்னதைச் சொல்றதுக்குச் சேலத்துல இருந்து ஆள் வரணும்."

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பைக் போகிற வரைக்கும் போய், மீதிச் சரிவில் நடந்தார். மூன்று இடத்தில் நின்றார். ஒவ்வொரு தடவையும் மிளகுக் கொடியைப் பார்ப்பதுபோல் நின்றார்.

மரத்தடியில் கவிதா மேடம் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மலைப் பாதை வளைவில் குமட்டியது இன்னும் முகத்தில் தெரிந்தது. மடியில் ஒரு துண்டு, துண்டில் அந்தப் பல். எண்ணெயும் குங்குமமும் ஏறி மினுமினுவென்று கறுத்துக் கிடந்தது. சற்றுத் தள்ளி ஐயாக்கண்ணு நின்றார். தலை நரைத்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கும்பிட்டுக்கொள்ளவில்லை. சிங்கராயர் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி எல்லைக்கு வெளியிலேயே நின்றார்.

"நீங்கதான் எடுத்தீங்களா ஐயா?" என்றார் கவிதா.

"வேற யாரு எடுப்பாங்க? இந்த மலையில நூத்து நாப்பத்து மூணு கிணறு. பாத்த உடனே பல்லுன்னேன். ஒருத்தனும் நம்பலை. எந்த மிருகமுங்க?"

"யானை வகைங்க. ஆனா இப்ப இருக்கற யானை இல்லை. அதுக்குப் பெரியப்பன் முறைன்னு வெச்சுக்குங்க. அந்த வம்சமே இப்ப பூமியில இல்லை." அவர் விரலால் மேடுகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இந்த வரி எத்தனை, எவ்வளவு தடிமன்னு எண்ணினா எந்த யானைன்னு சொல்லலாம். தேஞ்சிருக்கறதைப் பாத்தா என்ன தின்னுதுன்னும் ஒரு மாதிரி சொல்லலாம். இது இலை தழையை விடப் புல்லுதான் நெறையத் தின்னிருக்கும்னு தோணுதுங்க. அப்படின்னா, நீங்க காப்பியும் மிளகும் வெச்சிருக்கற இந்த இடம் அப்ப புல்லுக்காடா இருந்திருக்கலாம்."

"எப்பங்க?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது. நீர்யானையும் தீக்கோழியும்கூட நம்ம நாட்டுல திரிஞ்ச காலம் ஒண்ணு உண்டு. ஆனா அப்ப இந்த மலை மேல என்ன இருந்துச்சுன்னு சொல்றதுக்குச் சாட்சி கிடைக்கறதே இல்லைங்க. இங்க பெய்யற மழைக்கு எலும்பு தங்காது, கரைஞ்சு போயிரும். இது ஒண்ணு தங்கியிருக்கு. எத்தனாவது அடியில, எந்த மண்ணுல கிடைச்சுதுன்னு தெரிஞ்சாத்தான் இது சாட்சி. தெரியலைன்னா வெறும் கல்லு."

ஐயாக்கண்ணு தொண்டையைச் செருமினார். "அது அவுரு கயித்துல இருக்குமுங்க. அதுல மட்டும் அவுரு தப்பு பண்ண மாட்டாரு."

பதின்மூன்று வருடத்தில் ஐயாக்கண்ணு வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. சிங்கராயருக்கு அது இனிக்கவில்லை.

கயிற்றைத் தரையில் நீட்டினார்கள். கவிதா டேப்பை வைத்து அளந்தார். சிவப்புத் துணியில் விரல் வைத்தார். "பதினைஞ்சரை அடி. அருமைங்க ஐயா. ஒரு பல்லுக்கு இப்படி அடையாளம் வெச்சவங்களை நான் பாத்ததில்லை. சரி, இந்தக் கறுப்புத் துணி என்னங்க?"

"பாறை."

"பதிமூணு அடிக்குக் கீழ பூராவும் பாறையா?"

"ஆமாங்க. கருங்கல்லு."

கவிதா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப பல்லு பாறைக்குள்ள இருந்துச்சா?"

சிங்கராயர் கயிற்றின் நுனியைச் சுருட்டத் தொடங்கினார்.

"அது நடக்காதுங்க ஐயா. இந்த மலைக் கருங்கல்லு பூமிக்கு அடி ஆழத்துல வெந்து உண்டானது. ஏறக்குறைய இருநூத்தம்பது கோடி வருஷத்துக் கல்லு. அப்ப யானையும் இல்லை, எலி, மீன்கூட இல்லை. எலும்புங்கறதே உலகத்துல இல்லை. அந்தக் கல்லுக்குள்ள பல்லு இருக்கவே முடியாது."

"அப்ப எப்படிங்க?" என்றான் பிரபாகர்.

"வேற எங்கயோ கிடைச்சதை யாரோ கொண்டாந்து போட்டிருக்கணும். அரியலூர் பக்கம், வடக்கே ஆத்துப் படுகையில எல்லாம் இந்த மாதிரி சாமான் கிடைக்கும். தூக்கிட்டு வர்றவங்க உண்டு."

ஐயாக்கண்ணு சிரித்தார். "கிணத்துல தண்ணி இல்லைங்கறதை மறைக்க மேஸ்திரி சந்தையில வாங்கிப் போட்டிருப்பாரு. பல்லைக் காட்டினா நாங்களும் பல்லைக் காட்டிட்டுச் சும்மா இருந்துருவம்ல!"

பிரபாகரும் சிரித்துவிட்டான். கவிதா சிரிக்கவில்லை. நோட்டில் ஒரு வரி எழுதினார். "கிடைத்த இடம் உறுதி இல்லை" என்று, எழுதிக்கொண்டே சொன்னார். பல்லைத் துண்டில் சுற்றி ஐயாக்கண்ணுவிடம் நீட்டினார். அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. இதற்காகவா அத்தனை வளைவும் ஏறி வந்தோம் என்ற அலுப்பு.

சிங்கராயர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். மூச்சு இன்னும் சீராகவில்லை.

பாறை இல்லை. பதின்மூன்று அடிக்குக் கீழே வந்தது கறுப்புக் களி. நாலு அடிக் களி. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டால் விடாது. நாற்றம் மாட்டுத்தொழுவத்தில் மழைத்தண்ணீர் நின்றதுபோல. அதை வெட்டும்போது ஐயாக்கண்ணு வீட்டில் யாரும் இல்லை. மகளின் பிரசவத்துக்கு எல்லாரும் பத்து நாள் சேலம் ஆஸ்பத்திரியில். வீட்டில் இருந்தது நாய் மட்டும். பதினேழு அடியில்தான் உண்மையான பாறை வந்தது. அந்த வாரம் ஷெர்லினுக்கு, சிங்கராயரின் ஒரே மகளுக்கு, நர்சிங் படிப்பில் சேரப் பணம் கட்டக் கடைசி நாள். அற்புதத்தின் பழைய கறுப்புப் பாவாடையைக் கிழித்து நாலு வெள்ளைத் துணிக்கு மேல் நாலு கறுப்புத் துணி கட்டினார். களி தெரியாமலிருக்கக் கிணற்றுச் சுவரின் கல்கட்டைப் பதினேழு அடி வரைக்கும் இறக்கினார். "பாறைக்குக் கல்கட்டுத் தேவையில்லை. ஆனாலும் நாலு அடி இனாமாக் கட்டித் தர்றேன். எந்த மேஸ்திரி கட்டுவான்?" என்று ஊரெல்லாம் சொன்னார். சொல்லிச் சொல்லிப் பல நாள் தானே அதை நம்பியும் இருந்தார்.

ஷெர்லின் படித்து, வேலைக்குப் போய், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். அந்தப் பணம் வரவே இல்லாமலேயே அதெல்லாம் நடந்தது. வராத பணத்துக்காகச் சொன்ன பொய்யைத்தான் பதின்மூன்று வருடம் ஆணியில் மாட்டிக் காத்துக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டால் பதினெட்டாயிரத்து எழுநூறும் நிற்கும், பெயரும் நிற்கும். பல் மட்டும் சந்தையில் வாங்கிய பல் ஆகிவிடும். நூற்று நாற்பத்து மூன்று கிணற்றில் அவர் பார்த்த ஒரே அதிசயம்.

"கடப்பாரை இருக்குதா கண்ணு?" என்றார் பிரபாகரிடம்.

"எதுக்குங்க?"

"எடுத்துட்டு வா. சின்னதா ஒண்ணு."

கிணற்றுக்கு எல்லாரும் பின்னால் வந்தார்கள். சுவரில் நீட்டி வைத்த படிக்கற்களில் சிங்கராயர் இறங்கத் தொடங்கினார். அவர் வைத்த படிகள். கண்ணை மூடிக்கொண்டு இறங்கியவர். இப்போது ஒவ்வொரு படிக்கும் உட்கார்ந்து, காலைத் துழாவி இறங்கினார். "மேஸ்திரி, வேண்டாமுங்க, மேல வாங்க!" என்று ஐயாக்கண்ணு கத்தினார். கத்தியதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

பதினைந்து அடியில் நின்று, கல்கட்டின் இடுக்கிலிருந்த சல்லியைக் கடப்பாரை முனையால் நெம்பினார். வரவில்லை. அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தார். தன் வேலையைத் தானே உடைக்கிற கொடுமையிலும், "எப்படிக் கட்டியிருக்கேன் பாரு" என்று ஒரு நினைப்பு ஓடத்தான் செய்தது. ஏழெட்டுச் சல்லியை உருவிய பிறகு ஒரு கல் அசைந்தது. அதை இழுத்துக் கீழே விட்டார். தண்ணீரில் விழுந்து சத்தம் கேட்டது.

கீழே குனிந்து பார்த்தார். இரண்டடித் தண்ணீர். அதில் பச்சைக் குழாய் ஒன்று இறங்கியிருந்தது. மேலே நிமிர்ந்தார். ஐயாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தண்ணி வரலைன்னீங்க?"

"வந்துதுங்க. ரெண்டாம் வருஷம் ஐப்பசியில. நாத்துக்கு விடற அளவுக்கு..." ஐயாக்கண்ணுவின் குரல் தாழ்ந்து போனது. "சொல்லத்தான் நெனச்சேன். வருஷம் ஓடிப் போச்சுங்க."

சிங்கராயருக்குச் சண்டை போட மூச்சு இல்லை. கல் எடுத்த பொந்தில் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, அண்ணாந்து நீட்டினார். "டீச்சரம்மா, இதைப் பாருங்க. பாறை இல்லை. களி. பதிமூணுல இருந்து பதினேழு வரைக்கும் களி. பாறைக் கூலி வாங்கறதுக்காகக் கறுப்புத் துணி கட்டினேன். பல்லு இதுக்குள்ளதான் இருந்துச்சு. இது சத்தியம்."

கவிதாதான் முதலில் அசைந்தார். சேலையைச் செருகிக்கொண்டு, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிப் பிரபாகரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, படி படியாக இறங்கி வந்தார். போன் வெளிச்சத்தைப் பொந்துக்குள் அடித்தார். களிக்குள் மக்கிய வேரும், நகத்தளவு நத்தை ஓடும் இருந்தன. கொஞ்சம் கிள்ளி முகர்ந்தார்.

"சேத்துக்குட்டைங்க ஐயா" என்றார் மெல்ல. "இங்க குட்டை இருந்திருக்கு. புல்லு மேஞ்சிட்டுத் தண்ணி குடிக்க வந்திருக்கு. சேறு மூடினதால பல்லு கரையாம நின்னிருக்கு. இந்தக் களியை ஆராய்ஞ்சா அப்ப இங்க என்ன செடி கொடி இருந்துச்சுன்னுகூடத் தெரியும்."

இரண்டு பேரும் ஏறி வர அரை மணி ஆனது. சிங்கராயரைப் பிரபாகர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். தரையில் சரிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாகக் கயிற்றை இழுத்து, அந்த நாலு கறுப்புத் துணியை அவிழ்க்கப் போனார்.

"அவிழ்க்காதீங்க" என்றார் கவிதா. "கயிறு எப்படி இருக்கோ அப்படியே எனக்கு வேணும். நீங்க சொன்னதையும் சேத்து எழுதிக்கறேன்."

"என் பேரோடயா?"

"உங்க பேரு இல்லாம எப்படிங்க? எடுத்தது நீங்கதானே."

பொய் கட்டியவன் என்றும் எழுதப்படும், பல் எடுத்தவன் என்றும் எழுதப்படும். ஒன்றை விட்டு ஒன்றை வாங்க முடியாது. சிங்கராயர் சிவப்புத் துணியை விரலால் நீவிவிட்டார். "எழுதிக்குங்க" என்று கயிற்றைச் சுருட்டி நீட்டினார். "சிங்கராயர், நூத்து நாப்பத்து மூணு கிணறுன்னு அதையும் எழுதுங்க. அதுல பொய் இல்லை."

ஐயாக்கண்ணு விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "நாலு அடிக்கு, அடிக்கு ரெண்டாயிரத்து நூறு வீதம் ஏறக் கட்டியிருக்கறீங்க. எட்டாயிரத்து நானூறு."

"போக்கிக்குங்க."

"போக்கினா பத்தாயிரத்து முந்நூறு நிக்குது. சரிங்களா?"

"சரிதான்."

"ஏனுங்க மேஸ்திரி, நாலு அடி கல்கட்டு இனாம்னு சொன்னீங்க. அது நெசமாவே வேணுமுங்களே? களியாச்சே, கட்டாம உட்டிருந்தா சரிஞ்சிருக்கும்."

"சரிஞ்சிருக்கும்."

"அதுக்குக் கூலி?"

"இனாம்னு சொன்னேன்ல. சொன்னா சொன்னதுதான்."

ஐயாக்கண்ணு வீட்டுக்குள் போனார். மிளகு விற்ற பணம் இருந்த மஞ்சள் பையோடு திரும்பினார். சிங்கராயர் எழுந்திருக்கவில்லை. எழுந்து நின்று, நாலு பேர் பார்க்க வாங்க வேண்டும் என்று பதின்மூன்று வருடமாக நினைத்திருந்த பணம். உட்கார்ந்தபடியே வலது கையை நீட்டினார். விரலிடுக்கெல்லாம் கறுப்புக் களி.

"கையைக் கழுவிக்கிறீங்களா?"

"பரவாயில்லை. வெய்யுங்க."

ஐயாக்கண்ணு குனிந்து, ஒவ்வொரு நோட்டாகத் தடவிப் பார்த்து, வாய்விட்டு எண்ணி வைத்தார். இருபது ஐந்நூறு. அதன் மேல் ஒரு நூறு, இன்னொரு நூறு, கடைசியாக மூன்றாவது நூறு. கணக்குத் தீர்ந்தது, ஆணியில் இனிக் கயிறும் இல்லை; சிங்கராயர் உடனே கையை மூடவில்லை.